ஒரு புள்ளிக்காகக் கட்டிய பிராது

இருபத்தாறு வயதில் எனக்கு அம்மை போட்டது. சின்னப் பிள்ளையில் போட்டிருந்தால் பத்து நாளில் எழுந்து ஓடியிருப்பேன். ஏழு கழுதை வயதில் வந்ததால் ஆளையே புரட்டிப் போட்டுவிட்டது. ஹாஸ்டலில் வைத்துக்கொள்ள முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள். அப்பா ஒரு வாடகைக் கார் பிடித்து வந்து, பின் சீட்டில் வேப்பிலையைப் பரப்பி, என்னை விருத்தாசலத்துக்கு அள்ளிக்கொண்டு போனார். நான் கையோடு எடுத்துப்போனது இரண்டு நைட்டியும், ஆராய்ச்சிக்கூடத்து லேப்டாப்பும், ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டு டிவிடியும்தான். அந்தக் கட்டை அப்பா சினிமா படங்கள் என்று நினைத்துக்கொண்டு, "அம்மை போட்ட வூட்டுல படம் பாக்கக் கூடாது பாப்பா" என்றார்.

படங்கள்தான். ஆனால் சினிமா இல்லை. நான் அப்போது வானியலில் ஆராய்ச்சி மாணவி. இளம் நட்சத்திரங்களில் எடை குறைந்தவையாகப் பார்த்து, அவற்றைச் சுற்றி வெகு தூரத்தில் வியாழன் மாதிரியோ அதைவிடப் பெரிதாகவோ கிரகம் ஏதாவது உண்டா என்று தேடுவது என் வேலை. இளம் என்றால் எங்கள் கணக்கில் சில கோடி வருட வயது. எடை குறைவு என்றால் நம் சூரியனில் பாதிகூடத் தேறாத, மங்கலான சிவப்பு நட்சத்திரங்கள். ஊரில் எல்லோரும் நான் ராத்திரி முழுக்க மொட்டை மாடியில் குழாயில் கண்ணை வைத்துக்கொண்டு நிற்கிறேன் என்று நம்பினார்கள். பெண் பிள்ளை இப்படித் தூக்கம் கெட்டால் உடம்பு என்னத்துக்கு ஆகும் என்று அம்மாவிடம் துக்கம் விசாரித்தவர்கள்கூட உண்டு. உண்மையில் தொலைநோக்கி கடல் தாண்டி எங்கோ மலைமேல் இருந்தது. அது எடுத்த படங்கள் டிவிடியில் வரும். நான் காலை பத்து மணிக்குக் குளித்துச் சாப்பிட்டுவிட்டு அவற்றைப் பார்ப்பேன். தாலுகா ஆபீஸ் உத்தியோகத்துக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

எங்கள் வீடு செராமிக் பேட்டைக்குப் பின்னால் இருந்தது. வரிசையாகச் சின்னச் சின்ன பீங்கான் யூனிட்டுகள். மின்சாரக் கம்பத்துப் பீங்கான், கொலு பொம்மை, ஜாடி, ஃபியூஸ் கட்டை என்று ஒவ்வொன்றிலும் ஒன்று. அம்மா ஃபியூஸ் கட்டை செய்யும் யூனிட்டில் செக்கிங் பார்த்தாள். சூளையிலிருந்து வரும் கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, கறுப்புப் புள்ளி, ஊசித் துளை, மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று திருப்பிப் பார்ப்பாள். ஒன்றோடு ஒன்றைத் தட்டிச் சத்தம் கேட்பாள். கணீரென்றால் "பழுதில்ல" என்று வலது பக்கம் வைப்பாள். இல்லையென்றால் இடது பக்கக் குவியலில் விட்டெறிவாள். அவ்வளவுதான் வேலை, காலை எட்டரை முதல் சாயங்காலம் ஐந்தரை வரை. வீட்டிலும் அந்தப் பழக்கம் போகாது. தட்டு, டம்ளர், கத்தரிக்காய், என் மார்க் ஷீட் எதைக் கையில் கொடுத்தாலும் ஒரு முறை திருப்பிப் பார்ப்பாள்.

எனக்கு அம்மை போட்டதால் அம்மா வேலைக்குப் போகவில்லை. வெளி ஆட்கள் உள்ளே வரக் கூடாது, வீட்டு ஆட்கள் வெளியே போய் வந்து தீட்டைக் கலக்கக் கூடாது என்பது எங்கள் பக்கம் வழக்கம். அப்பாவுக்கு மட்டும் விலக்கு. சேத்தியாத்தோப்புப் பக்கம் சர்க்கரை ஆலையில் அவருக்கு அரவை நேரம், லீவு கிடைக்காது. அவர் வாசல் அறையிலேயே சாப்பிட்டுப் படுத்துக்கொண்டார். உள்ளே நானும் அம்மாவும் வேப்பிலையும்தான். மிளகாய் கிடையாது, தாளிப்பு கிடையாது. பத்து நாளில் எங்கள் இரண்டு பேருக்கும் பேச்சு தீர்ந்துபோனது. அதற்குப் பிறகுதான் நான் லேப்டாப்பைத் திறந்தேன்.

அம்மா பாயின் ஓரத்தில் உட்கார்ந்து வேப்பங்கொத்தால் எனக்கு விசிறிக்கொண்டே திரையைப் பார்ப்பாள். நட்சத்திரத்தின் பிரகாசத்தைக் கழித்த பிறகு படத்தில் மிஞ்சுவது பார்க்க அழகாக இருக்காது. நடுவில் ஒரு கறுப்பு வட்டம், அதைச் சுற்றிப் பொரிந்த மாதிரி வெள்ளையும் சாம்பலும், அதைத் தாண்டினால் வெறும் மணல் இறைத்த மாதிரி. அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. "ஒடம்பு பூரா புள்ளி, கம்ப்யூட்டர்லயும் புள்ளியா? ஆத்தா ஒன்ன நல்லாத்தான் புடிச்சிருக்குறா" என்றாள்.

ஒரு நாள் காலையில் ஒரு படத்தைப் பார்த்து, ஒன்றுமில்லை என்று முடிவு கட்டி மூடப் போனேன். அம்மா விசிறுவதை நிறுத்தினாள்.

"அந்த மூலையில ஒன்னு இருக்குதே. அத ஏன் வுட்டுட்ட?"

"எந்த மூலையில?"

"கீழ, சோத்தாங்கைப் பக்கம். நல்லா பாரு. மத்ததெல்லாம் தூசு. அது தூசு இல்ல."

எனக்கு எரிச்சல் வந்தது. எனக்கு அப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் மூக்குக்கு மேல் கோபம் வரும், அம்மை வேறு உடம்பெல்லாம் அரித்தது. நான்கு வருடமாக இதையே தின்று இதையே கழிப்பவள் நான், ஃபியூஸ் கட்டை பார்க்கிறவள் வந்து சொல்கிறாளே என்று நினைத்தேன். வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன். அம்மா வாயை அடைப்பதற்காகவே அந்த மூலையைப் பெரிதாக்கினேன். புள்ளி இருந்தது. கருவியின் கோளாறாக இருக்கும் என்று தனித்தனிப் படங்களாகப் பிரித்துப் பார்த்தேன். கோளாறாக இருந்தால் கருவியோடு ஒரே இடத்தில் நிற்கும். இது நிற்கவில்லை, ராத்திரி நகர நகர வானம் திரும்புமே, அதோடு எல்லாப் படத்திலும் கூடவே திரும்பியது. அப்படியானால் அது வானத்தில் உண்மையாகவே இருக்கும் ஏதோ ஒன்று. சாப்பிடாமல் மத்தியானம் வரை கணக்குப் போட்டேன். இருக்கிற தூரம், இருக்கிற வெளிச்சம் எல்லாம் ஒரு பெரிய கிரகத்துக்குப் பொருந்தி வந்தன.

"என்னாடி அது?" என்றாள் அம்மா.

"கிரகமா இருக்கலாம்மா."

இந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. ஏன் இளம் நட்சத்திரமாகப் பார்த்துத் தேடுகிறோம் என்று உற்சாகத்தில் விளக்க ஆரம்பித்தேன். கிரகத்துக்குச் சொந்த வெளிச்சம் இல்லை. ஆனால் உருவான புதிதில் சூளையை விட்டு வந்த சரக்கு மாதிரி உள்ளே கனன்றுகொண்டிருக்கும், அந்தச் சூட்டைத்தான் படம் பிடிக்கிறோம் என்றேன். அம்மாவுக்கு இது உடனே பிடிபட்டது. "அப்ப ஆறிப்போனா கண்ணுக்குத் தெரியாதா?" என்றாள். தெரியாது என்றேன். "அதான் அவசரமா தேடுறீங்க" என்றாள். ஆறுவதற்குப் பல கோடி வருடம் ஆகும் என்று சொல்ல வாயெடுத்து, சரி, போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் என் கைடுக்குப் போன் செய்தேன். அவர் எல்லாவற்றையும் இரண்டு முறை கேட்டுக்கொண்டார். அப்புறம் சொன்னார்: "அடுத்த வருஷம் இன்னொரு படம் எடுத்துப் பாக்கற வரைக்கும் இதப் பத்தி யார்கிட்டயும் மூச்சு விடாதே."

ஏன் ஒரு வருடம் என்று அம்மா கேட்டபோது மாசி மகத்தை வைத்துச் சொன்னேன். "மகத்துக் கூட்டத்துல உன்ன ஒரு போட்டோ எடுக்கறேன்னு வெச்சுக்க. உனக்குப் பின்னால ஒரு ஆளு நிக்கிறாரு. அவரு நம்ம ஆளா, வேடிக்க பாக்க வந்தவரான்னு ஒரே போட்டோவ வெச்சு எப்படிச் சொல்லுறது? அடுத்த மகத்துக்கு நீ வேற எடத்துல நிக்கிறப்ப இன்னொன்னு எடுக்கணும். அப்பவும் உன் பக்கத்துலயே நின்னா நம்ம ஆளு." நட்சத்திரம் வானத்தில் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். கிரகமானால் கூடவே வரும். பின்னால் வெகு தொலைவில் இருக்கும் வேறு நட்சத்திரமானால் நின்ற இடத்திலேயே நிற்கும்.

அம்மா தலையை ஆட்டினாள். "யார்கிட்டயும் சொல்லாத" என்று நானும் சொன்னேன். அதற்கும் ஆட்டினாள்.

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். எனக்குப் பதினைந்து வயதில், மேற்கு வானத்தில் ஒரு வால் நட்சத்திரம் தெரியும் என்று பேப்பரில் படித்தேன். தெரு முழுக்க, யூனிட் யூனிட்டாகப் போய்ச் சொன்னேன். சாயங்காலம் வேலை விட்டதும் நாற்பது பேருக்குக் குறையாமல் குடோன் மாடியில் ஏறி நின்றார்கள். கைக்குழந்தைகள்கூட இருந்தன. பொழுது சாய்ந்தது, இருட்டியது, கொசு கடித்தது. ஒன்றும் தெரியவில்லை. செய்தியின் கடைசி வரியில் தொலைநோக்கி இல்லாமல் காண இயலாது என்று போட்டிருந்ததை நான் படிக்கவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? தண்ணீர் குடிக்கப் போகிற மாதிரி இறங்கி, வீட்டுக்கு ஓடி, காய்ச்சல் என்று போர்த்திப் படுத்துக்கொண்டேன். அம்மாதான் அந்த நாற்பது பேருக்கும் பதில் சொன்னாள். நான்கு நாள் ஸ்கூலுக்குப் போகவில்லை. அதற்கப்புறம் எங்கள் தெருவில் எனக்குப் பெயர் வால் நட்சத்திரம். என்னைவிட அம்மாவுக்குத்தான் அந்தப் பெயர் உறைத்தது. "எங்க, வால் நட்சத்திரத்தோட அம்மாவக் காணோம்" என்று செக்கிங் ஷெட்டில் யாராவது ஆரம்பித்தால் அன்றைக்கு வீட்டில் குழம்பில் உப்பு இருக்காது.

அப்படிப்பட்ட அம்மா, எனக்கு அம்மை இறங்கி, மூன்று தண்ணீர் ஊற்றி முடித்து வேலைக்குப் போன முதல் நாளே ஷெட்டில் சொல்லிவிட்டாள். தானே கண்டுபிடித்த புள்ளி, எத்தனை நாள்தான் அடக்கி வைப்பாள்? ஷெட்டில் சொன்னது சூளைக்குப் போனது, சூளையிலிருந்து டீக்கடைக்குப் போனது. இரண்டு நாளில், நான் மருந்து வாங்கப் போன கடையில், "கெரகம் கண்டுபுடிச்ச பொண்ணு நீதானம்மா?" என்று கேட்டார்கள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கத்தினேன். "இல்லன்னு ஆச்சுன்னா என்னா பண்ணுவ? மறுபடியும் அதே கூத்துதான்!" அம்மாவுக்கு முகம் சுருங்கிப்போனது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, "கெளம்பு, கோயிலுக்குப் போவணும்" என்றாள்.

எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் மனு வாங்கும் சாமி. குறை இருப்பவர்கள், போலீஸ் ஸ்டேஷனில் கொடுப்பதுபோல் ஒரு தாளில் எழுதி, சாமி காலடியில் வைத்து வாங்கி, சுருட்டி, கோயிலில் நட்டிருக்கும் வேலில் கட்டிவிட்டு வருவார்கள். அதற்குப் பெயர் பிராது. மாடு காணாமல் போனாலும் பிராது, மாப்பிள்ளை காணாமல் போனாலும் பிராது. மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதத்துக்குள் நடக்கும் என்பார்கள். நடந்துவிட்டால் சும்மா இருக்கக் கூடாது. திரும்பி வந்து, கேட்டது கிடைத்தது, பிராதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதை ராஜினாமா என்பார்கள். நடக்காதவர்கள் ராஜினாமா கொடுக்க முடியாது. அதில் ஒளிவுமறைவே கிடையாது.

எனக்கு விஷயம் புரிந்து போனது. டவுன் பஸ்ஸில் போகும்போதே சண்டை பிடித்தேன். "ம்மா, அந்த வெளிச்சம் அங்கேருந்து கெளம்பி நூறு வருஷத்துக்கு மேல ஆவுது. கெரகமா இல்லயாங்கறது எப்பவோ முடிஞ்சுபோன விஷயம். இப்பப் போயி மனு குடுத்தா சாமி என்னா பண்ணுவாரு?"

"குடுக்கறது நானு. வாங்கறது அவரு. ஒனக்கு என்னா வந்துச்சு?" என்றாள்.

மனுவைப் பதிந்துகொள்பவர், "எந்த ஊரு? இங்கேருந்து எத்தன கிலோமீட்டரு?" என்று கேட்டார். மனுதாரர் வீடு எவ்வளவு தூரம் என்று கேட்பது அங்கே வழக்கம். என் மனது அந்த நட்சத்திரத்துக்குக் கிலோமீட்டர் கணக்குப் போட ஆரம்பித்து, பூஜ்யம் போட்டுப் போட்டு ஓய்ந்தது. அம்மா, "பக்கந்தாங்க, செராமிக்கு" என்றாள். எழுதித் தர ஆள் இருந்தார்கள். அம்மா வேண்டாம் என்றுவிட்டு மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். எட்டாவது வரைக்கும் படித்தவள், எழுத்துக் கூட்டித்தான் எழுதுவாள். நான் எட்டிப் பார்த்தேன். "நீ அந்தப் பக்கம் போயி நில்லு" என்று விரட்டினாள். மரத்தடியில் போய் நின்றேன். எழுதி முடிக்க அரை மணி ஆயிற்று. அந்தப் புள்ளி கிரகமாக இருக்கணும் சாமி என்று எழுத அரை மணியா என்று நான் நினைத்துக்கொண்டதும் ஞாபகம் இருக்கிறது. வேலில் ஏற்கனவே ஆயிரம் தாள் தொங்கின. அம்மா அதில் ஒன்றைச் சேர்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு வந்தாள்.

அந்த ஒரு வருடத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு ஏக்கமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா போன் செய்வாள். சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால், "புள்ளி எப்படி இருக்குது?" என்பாள், பிரசவத்துக்கு வந்த பெண்ணைக் கேட்பது மாதிரி. இருக்கிறது என்பேன். ஷெட்டுப் பெண்கள் முறை வைத்து விசாரித்தார்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, பக்கத்து யூனிட்டில் பொம்மைக்கு வர்ணம் தீட்டும் அக்கா ஒரு பீங்கான் உருண்டையைக் கொடுத்தாள். செம்பழுப்பில் பட்டை பட்டையாக வர்ணம் கொடுத்து, பளபளவென்று சுட்டு எடுத்திருந்தாள். "எப்பிடி இருக்குமோ தெரியல, குத்துமதிப்பா பண்ணேன் பாப்பா" என்றாள். முதலில் செய்தது சூளையிலேயே வெடித்துவிட்டதாம், காற்றுப் போக ஓட்டை வைக்க மறந்துவிட்டாளாம். இதை வாங்கவே கூடாது என்று புத்தி சொன்னது. கை வாங்கிக்கொண்டது. அம்மா அதை டிவி மேல், எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி வைத்தாள். அந்த வீடும் அந்த டிவியும் இப்போது இல்லை. ஆனால் அந்த உருண்டையைத் துடைக்கும்போது அம்மா முகத்தில் இருந்த பெருமை எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

மூன்று மாதம் போனது, ஆறு மாதம் போனது. "சாமிக்கே தவண கேக்க வெச்சுட்டியேடி" என்று அம்மா கேலி செய்தாள். தொலைநோக்கி நேரம் அடுத்த சித்திரையில்தான் கிடைத்தது. படம் வந்த அன்று நான் ஆராய்ச்சிக்கூடத்தில் தனியாக உட்கார்ந்து அளந்தேன். நட்சத்திரம் நகர்ந்திருந்தது. கணக்கில் எவ்வளவு நகர வேண்டுமோ சரியாக அவ்வளவு. புள்ளி நின்ற இடத்திலேயே நின்றது. மூன்று முறை அளந்தேன். எப்படி அளந்தாலும் அது வேடிக்கை பார்க்க வந்த ஆள்தான். எங்கோ பல மடங்கு தூரத்தில், எங்கள் நட்சத்திரத்துக்கும் தனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாமல் எரிந்துகொண்டிருக்கும் ஒரு சாதாரண நட்சத்திரம்.

கைடு திட்டவில்லை. "நூறு நட்சத்திரம் பாத்து ஒண்ணுலயும் இல்லேன்னா, அப்படிப்பட்ட கிரகங்கள் அபூர்வம்னு தெரியுது. அதுவும் ஒரு முடிவுதான், எழுது" என்றார். அவர் சொன்னது சரி. அதை எழுதித்தான் பிற்பாடு பட்டம் வாங்கினேன். ஆனால் என் கவலை அது இல்லை. அம்மா. செக்கிங் ஷெட். டிவி மேல் இருக்கும் உருண்டை. ஊருக்குப் போக டிக்கெட் எடுத்தேன், கான்சல் செய்தேன். வேலை அதிகம் என்று இரண்டு ஞாயிறு போனை எடுக்கவில்லை. பதினைந்து வயதில் போர்த்திய அதே போர்வைதான், கொஞ்சம் பெரிய அளவில். மூன்றாவது வாரம் எனக்கே என்மேல் அருவருப்பு வந்து ரயில் ஏறினேன்.

வீட்டில் கால் வைத்ததும் சொல்லிவிட்டேன், பையைக்கூட இறக்காமல். "ம்மா, அது கெரகம் இல்ல."

அம்மா என் தோளிலிருந்து பையை இறக்கினாள். "சரி. கை கால் கழுவிட்டு வா, சாப்புடு" என்றாள். அப்பாதான் யோசனை சொன்னார். "யாருகிட்டயும் இல்லன்னு சொல்லாத. ஆராய்ச்சி நடந்துகிட்டு இருக்குதுன்னு சொல்லிடு. ரெண்டு வருஷம் போனா ஜனங்க மறந்துடுவாங்க." பொய்கூட இல்லை அது, ஆராய்ச்சி நடந்துகொண்டுதானே இருந்தது. ராத்திரி படுக்கும்வரை அந்த யோசனை எனக்கு இனித்தது. அம்மா இதிலும் இல்லை, அதிலும் இல்லை. சாப்பாட்டுத் தட்டைத் திருப்பிப் பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

காலையில் அம்மா வேலைக்குக் கிளம்பியபோது நானும் செருப்பை மாட்டினேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. ஷெட்டில் பன்னிரண்டு பெண்கள் சரக்குக் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார்கள். புடவையெல்லாம் வெள்ளைத் தூசி. என்னைப் பார்த்ததும், "வாம்மா கெரகம்!" என்று கூவினார்கள். வால் நட்சத்திரத்திலிருந்து எனக்குப் பதவி உயர்வு கொடுத்து வைத்திருந்தார்கள். பக்கத்து யூனிட்டு அக்காவும் வர்ணம் அப்பிய கையோடு வந்து வாசலில் நின்றாள். அம்மா தன் இடத்தில் உட்கார்ந்து வேலையை ஆரம்பித்துவிட்டாள். நான் அவள் பக்கம் பார்த்தேன். அம்மா தலையைத் தூக்கவே இல்லை.

"அது கெரகம் இல்லீங்க," என்றேன். "போன வருஷம் இருக்கலாம்னு நெனச்சேன். இப்ப அளந்து பாத்தாச்சு. பின்னால ரொம்ப தூரத்துல இருக்குற வேற நட்சத்திரம். நான் அவசரப்பட்டு அம்மாகிட்ட சொல்லிட்டேன். தப்பு என்னுது."

கட்டைகள் தட்டும் சத்தம் நின்றுபோனது. வயதில் மூத்த ஒரு சித்தி மெல்ல, "நட்சத்திரமா? நட்சத்திரம் கெரகத்த வுட பெருசுதான?" என்று கேட்டாள்.

"பெருசுதான் சித்தி."

"அப்பறம் என்னா?" என்றாள் அவள், என்னைத் தேற்றுகிற தோரணையில். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கேலி இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அது முதுகுக்குப் பின்னால் இல்லாமல் என்னை நேரே நிற்க வைத்துச் செய்த கேலி, சிரித்துக்கொண்டே கேட்டு நின்றேன். "அப்ப என் உருண்ட?" என்றாள் வர்ணக்கார அக்கா. அது அப்படியே டிவி மேல் இருக்கும், எங்கோ ஒரு கிரகம் நிச்சயம் அப்படித்தான் இருக்கும் என்றேன். அம்மா ஒரு கட்டையைத் தட்டிப் பார்த்து வலது பக்கம் வைத்தாள்.

அன்றைக்கு மத்தியானம் அம்மா அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்தாள். முகம் கழுவி, நல்ல புடவை கட்டிக்கொண்டு, "கெளம்பு. ராஜினாமா குடுத்துட்டு வந்துடலாம்" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ராஜினாமாவா? கேட்டது நடந்தாத்தானம்மா ராஜினாமா? கெரகம் இல்லன்னுதான் ஆயிடுச்சே! சாமிகிட்டயே பொய் எழுதிக் குடுக்கப் போறியா?"

"வாய மூடிக்கிட்டு வா" என்றாள். பஸ்ஸில் நான் பேசியதெல்லாம் ஜன்னலோடு போனது.

கோயிலில் தாளை வாங்கியதும் பைக்குள் துழாவினாள். "கண்ணாடிய மறந்துட்டேன் போலருக்குது. நான் சொல்லுறேன், நீயே எழுது" என்று தாளை என்னிடம் நீட்டினாள். முறைப்பாகவே வாங்கி, தரையில் உட்கார்ந்து, பேனாவைத் திறந்தேன். கடைசியில் என் கையாலேயே பொய் எழுத வைக்கிறாளே என்று உள்ளே கொதித்தது.

அம்மா நின்றபடியே, தாள்கள் தொங்கும் அந்த வேலின் பக்கம் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"கொளஞ்சியப்பருக்கு... போன வருஷம் நான் குடுத்த பிராதுல... எம் பொண்ணு பாத்த புள்ளி... கெரகமா இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி... இருக்கறத இருக்கறபடி... அவளே நாலு பேரு முன்னால வந்து சொல்லணும்... வால் நட்சத்திரத்துக்கு ஓடி ஒளிஞ்ச மாதிரி... இந்த வாட்டி ஒளியக் கூடாதுன்னு... கேட்டிருந்தேன்."

என் பேனா நின்றுவிட்டது.

"ஏன் நின்னுட்ட? எழுது," என்றாள். "நான் கேட்டது நடந்துடுச்சு. அதனால பிராத வாபஸ் வாங்கிக்கிறேன்."

எழுதினேன். அழுகை வந்தது, மறைக்கவும் முடியவில்லை. அந்த ஒரு வருடமும் நான் வானத்தை அளந்துகொண்டிருக்க, அம்மா எனக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அப்பா யோசனை சொன்ன ராத்திரியில் தட்டு அடுக்கிக்கொண்டு அவள் எப்படி வாய் திறக்காமல் இருந்தாள் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. இரண்டு இடத்தில் மை கலைந்த தாளை அவளிடம் நீட்டினேன்.

அம்மா பைக்குள் கைவிட்டு, மறந்துவிட்டதாகச் சொன்ன கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். தாளை மேலிருந்து கீழே ஒரு முறை படித்தாள். பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"பழுதில்ல" என்றாள்.